வைக்கிற சத்தம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பில்லியர்ட்ஸ் மேசையில் கறுப்புப் பந்து மூலைக் குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சுலபமான அடிதான். அடித்தேன். பந்து குழியின் உதட்டில் முட்டித் திரும்பி வந்துவிட்டது.

2. கியூ கோலை மேசையின் மர ஓரத்தில் வைத்தேன்.

3. கோலின் தலை, அதாவது நுனியில் இருக்கும் தோல் டிப்பும் அதைத் தாங்கும் வெள்ளைக் குப்பியும், தனியாகத் தெறித்துப் பச்சைத் துணியின் மேல் உருண்டு நின்றது.

4. என்னோடு ஆடிக்கொண்டிருந்த ரேவதி "ஐயோ" என்றாள். மாமல்லபுரத்தில் ஒரு காபிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கிளப்பை நடத்தும் ஜோசப் அண்ணன் மாடிப்படியில் ஏறிவந்தபடியே "இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

5. பக்கத்து மேசையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேறொரு கோலுக்கு டிப் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார். இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்த்தார். "கை மேல" என்றார்.

6. அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப் ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாக இருந்தது. காலையில் அது நான். சாயங்காலம் அது ரேவதி.

இரண்டாவது வரியில் "வைத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். கிளப்பில் எல்லோரும் அந்த இடத்தில் "அடித்தாள்" என்று சொல்வார்கள். அக்கா தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் யாராவது அப்படிச் சொன்னார்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ரேவதி பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோசப் அண்ணன் படியில் இருந்தார். அக்காவுக்கு முதுகில் கண் கிடையாது.

அக்கா என்னைவிட ஆறேழு வயது பெரியவர். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டுக் கல்பாக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் போல்ட் கடைந்துகொண்டிருந்தவர். மாமல்லபுரத்தில் ஒரு காபிக் கடைக்காரர் தன் கடை கியூ கோலின் ஜாயிண்ட் திருகு வளைந்துவிட்டதென்று கொண்டுவர, அதைச் சரிசெய்து கொடுத்ததில் ஆரம்பித்தது. பிறகு கோலையே செய்யத் தொடங்கினார். ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டால், "இரும்பு எப்ப பாத்தாலும் ஒரே மாரி கீது. போரு" என்பார். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகும் வழியில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் பின்பக்கம் அவருடைய பட்டறை. மரம் கடைய ஒரு லேத், ஒரு நாற்காலி, எப்போதும் பாட்டு.

முதல்முறை போனபோது பட்டறையில் குறுக்காகக் கயிறு கட்டி நீளநீளமாக எதையோ தொங்கவிட்டிருந்தார். மீனவர் குப்பம் என்பதால் எனக்கு வேறு நினைப்பு வந்தது.

"இன்னா மீனுன்னு பாக்குறியா?" என்றார். "மேப்பிளு. முள்ளு கெடையாது."

கியூ கோல் இரண்டு துண்டாக வரும். கையில் பிடிக்கும் பருத்த பாகம் பட். பந்தை அடிக்கும் மெல்லிய பாகம் ஷாஃப்ட். கயிற்றில் தொங்கியவை எல்லாம் மேப்பிள் மரத்தில் கடைந்த ஷாஃப்ட். ஒரே மூச்சில் கடைந்தால் மரம் வளைந்துவிடும் என்பதால் மேலாக ஒரு தோல் மட்டும் சீவி எடுத்துத் தொங்கவிடுவார். கடல் காற்றில் அது என்ன செய்கிறதென்று பார்ப்பார். நேராக நின்றால் இன்னொரு தோல் எடுப்பார். வளைந்தவற்றைத் தெருவுக்குக் கொடுத்துவிடுவார். அந்தத் தெருவில் மேப்பிள் ஒட்டடைக் குச்சி இல்லாத வீடு கிடையாது.

அவருக்கு அடக்கம் என்பது சுத்தமாகக் கிடையாது. மகாபலிபுரத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் தன்னை அடிக்க ஆள் இல்லை என்பார். ஆனால் ஆடத் தெரியாது. குழியில் விழவே கூடாத வெள்ளைப் பந்தைக் குழியில் போட்டுவிட்டு, "பந்து மேல" என்பார்.

இந்த "மேல"தான் அக்கா. எது நடந்தாலும் அது யார் மேல், எதன் மேல் என்று உடனே சொல்லியாக வேண்டும். பஸ் தாமதமாக வந்தால், "டிரைவர் மேல இல்ல, திருக்கழுக்குன்றத்து ரோடு மேல." ஜோசப் அண்ணன் வைத்த மீன் குழம்பில் உப்பு கூடிப்போனபோது, "என் மேல. அவரு உப்பு போடும்போது நான் பேசிகினு இருந்தேன்." காரணம் சொன்னது அபூர்வம். தீர்ப்பு மட்டும்தான்.

கிளப்பில் கோல் உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒவ்வொரு முறையும் சண்டை வந்ததால், ஜோசப் அண்ணன் அதை அக்காவிடமே விட்டுவிட்டார். முறை இதுதான். உடைத்தவர் இரண்டு துண்டுகளையும் கொண்டுவந்து மேசை மேல் வைக்க வேண்டும். அக்கா பொருத்திப் பார்த்து மூன்றில் ஒன்றைச் சொல்வார். "கட்டை மேல" என்றால் மரத்தின் குற்றம், யாருக்கும் ஒன்றுமில்லை. "என் மேல" என்றால் செய்தவர் குற்றம், அக்கா புது ஷாஃப்ட் கடைந்து தருவார். "கை மேல" என்றால் அந்த ஆள் அடுத்த மாதம் முழுக்க மேசைப் பக்கம் வரக்கூடாது. மேல்முறையீடு கிடையாது.

நான் கல்பாக்கத்தில் வெல்டிங் பரிசோதனை செய்பவள். குழாய்களின் ஒட்டுகளை எக்ஸ்ரே படம் எடுத்து, எங்கே விரிசல், எதனால் விரிசல் என்று எழுதித் தருவது என் வேலை. ஒன்று உடைந்தால் உடைந்த முகத்தைப் பார்த்து எங்கே ஆரம்பித்து எப்படி ஓடியது என்று சொல்லிவிடலாம். அதனால் அக்காவின் தீர்ப்புகளை மனதுக்குள் சரிபார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. பொருந்தவே இல்லை.

ஒருமுறை ஒரு டாக்சி டிரைவர், சோபாவில் கோல் கிடப்பதைப் பார்க்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முறிந்த சத்தம் கீழே காபிக் கடைக்கே கேட்டது. மரத்தில் ஒரு குறையும் இல்லை, ரேகை நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது. அக்கா, "கட்டை மேல" என்றார். டிரைவருக்கே நம்ப முடியவில்லை.

"அக்கா, நான்தான் குந்திகினேன்."

"குந்துனா இன்னா? கட்டை மேல. போ."

இன்னொருமுறை ஒரு ரிசார்ட் மேனேஜர் தோற்ற கோபத்தில் கோலைச் சுவரில் ஓங்கி அடித்தார். உடையவில்லை. கீறல்கூட இல்லை. அக்கா எழுந்துபோய் அதை வாங்கிக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தார். நேராக உருண்டது.

"கை மேல," என்றார்.

"உடையவே இல்லையேம்மா!"

"உடையலன்னா? அது என் வேலை. நல்லா செஞ்சிகீறேன். நீ பண்ணது உன் வேலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். உடையாத பொருளுக்கு உடைந்ததற்கான தீர்ப்பு என்பது எனக்கு அன்று ஒரு வேடிக்கை.

தன் மேல் வரும்போது அக்காவைப் பார்க்க வேண்டும். புதிதாகச் செய்த கோலில் குப்பி கழன்று வந்துவிட்டால், "நான்தான்! என் மேல! பசை ஆறுறதுக்குள்ள குடுத்துட்டேன்!" என்று பரிசு வாங்கியவர்போல் இரண்டு கைகளையும் தூக்குவார். அவர் எதையும் மறைப்பார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இவ்வளவு குழப்பம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வராது என்று எனக்குத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். ஒட்டு தேறவில்லை என்று எழுதினால் வெல்டர்கள் கத்துவார்கள், சூப்பர்வைசர் கத்துவார், நான் படத்தை வெளிச்சத்தில் காட்டி விரலை வைப்பேன், அவ்வளவுதான். வீட்டில் அம்மா என்னைக் கல் என்பாள். கிளப்பில் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக்கூட ஜோசப் அண்ணன் சொன்ன காரணம், "ரேவதி உன்னவிட நல்லா ஆடும். ஆனா நீ பேஜாராவ மாட்ட" என்பதுதான். அதனால் "கை மேல" என்ற ஒரு சொல்லில் என் சென்னைப் பயணம் மட்டும் போகவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றும் போனது. நான் எப்படிப்பட்டவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அது.

உடைந்த தலையை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு, ஷாஃப்டோடு வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மதியம் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன்.

ஷாஃப்டின் நுனியைச் சின்ன முளையாகக் கடைந்து, அதன் மேல் வெள்ளைக் குப்பியை மாட்டுவார்கள். முளை ஆரம்பிக்கும் இடத்தில் மரம் சட்டென்று ஒடுங்கும். அந்தப் படியின் உள்மூலையைச் சற்று உருட்டிவிட வேண்டும். கூராக விட்டால் ஒவ்வோர் அடியும் அங்கேதான் வந்து குத்தும். என் ஷாஃப்டில் அது கத்தி வைத்ததுபோல் கூராக இருந்தது. உடைந்தது சரியாக அங்கே. உடைந்த முகத்தில் மூன்றில் ஒரு பங்கு நீலம். டிப்பில் தேய்க்கும் நீலச் சாக்பீஸின் தூள், குப்பியின் இடுக்கு வழியாக இறங்கி விரிசலுக்குள் படிந்திருந்தது. தூள் அவ்வளவு ஆழம் போக நாளாகும். மீதி இரண்டு பங்கு பளிச்சென்று வெள்ளை. அதுதான் அன்று உடைந்தது.

அதாவது, நான் அந்தக் கறுப்புப் பந்தை அடிப்பதற்கு வெகுநாள் முன்பே கோல் உடையத் தொடங்கிவிட்டது. உடையத் தொடங்கிய இடம், செய்தவர் கூராக விட்ட மூலை. இது "என் மேல" என்று அக்கா சொல்ல வேண்டிய உடைப்பு.

போட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. அக்கா ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். அன்று வீட்டுக்குப் போகும் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்காமல் நேராக அவருடைய பட்டறைக்குப் போனேன்.

டப்பாவை நீட்டினேன். "இன்னாமே, மாத்தர கொண்டாந்துகீற? எனக்கு சுகரு இல்ல" என்று சிரித்தார். திறந்து பார்த்ததும் பாட்டை நிறுத்தினார். நான் கொண்டுபோயிருந்த உருப்பெருக்கியைக் கொடுத்தேன். விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தெரியும்," என்றார்.

"என்னக்கா தெரியும்?"

"அன்னிக்கே பாத்தேன். கழுத்துல பழைய விரிசலு. நீலம் கீது. லேத்துக்கு புது டூலு வாங்குனேன், அதுக்கு மூக்கு ரொம்ப கூரு. ஆர்டர் அவசரத்துல மூலைய உருட்டாம வுட்டுட்டேன்."

"அப்ப ஏன் கை மேலன்னு சொன்னீங்க?"

"நீ அடிச்ச. அதான்."

"நான் வெச்சேன்."

"வைக்கிற சத்தம் வேற."

"நீங்க பாக்கவே இல்லையே. முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தீங்க."

"பாக்கல. கேட்டேன்."

"உள்ள விரிசல் இருக்கிற கட்டை, சும்மா வெச்சாலே வேற மாதிரிதான் கேக்கும். உங்களுக்குத் தெரியாதா? நீங்களே தட்டித்தான பாக்கறீங்க?"

அக்கா பெட்டியிலிருந்து ஒரு நல்ல ஷாஃப்டை எடுத்து மேசை ஓரத்தில் மெல்ல வைத்தார். டொக். மறுபடி எடுத்துத் தட்டினார். டக். என் உடைந்த ஷாஃப்ட் அங்கே இல்லை, இருந்தாலும் இனி அதில் அந்தச் சத்தம் வராது.

"மாறும்," என்று ஒத்துக்கொண்டார். "விரிசல் இருந்தா சத்தம் மாறும். சரிதான்." பிறகு, "ஆனா நீ அடிச்ச" என்றார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன். அக்கா சொல்லாவிட்டால் என்ன, என்னிடம் ஆதாரம் இருந்தது. ஜோசப் அண்ணன் கல்லாவில் இருந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். படி, மூலை, நீலம், வெள்ளை. அவர் பொறுமையாகக் கேட்டார். நான் வேலையில் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

"சரிம்மா," என்றார். "விரிசல் கீது, நம்புறேன். அவகிட்ட நான் பேசிக்கிறேன், உன் பேரையே திருப்பிப் போட்டுர்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. நீ அடிச்சியா, இல்லியா?"

"இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த நேரத்தில் என் வலது கை ஞாபகத்துக்கு வந்தது. கை என்ன செய்தது என்று இல்லை. பந்து திரும்பி வந்தபோது கை சூடாக இருந்தது, அதுமட்டும். அதற்கு அடுத்த ஞாபகம், கோலின் தலை பச்சைத் துணியில் உருள்வது. நடுவில் ஒன்றும் இல்லை. நான் எழுதும் அறிக்கைகளில் படத்தில் தெளிவில்லாத இடத்தை "தெளிவில்லை" என்றுதான் எழுதுவேன், நல்லது என்று எழுதமாட்டேன்.

"தெரியலண்ணா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கீழே யாரோ டீ கேட்டார்கள். "சரி, ரேவதியே போவட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டும் எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தன.

ஒன்று, ஒரு ரிசார்ட்டுக்குக் கொடுத்த கோல்களை அக்கா திருப்பி வாங்கிக்கொண்டு வந்தது. "பாலிஷ் சரியில்ல, வேற போட்டுத் தர்றேன்னு சொல்லிகீறா. எனக்குப் பாத்தா பாலிஷ் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஜோசப் அண்ணன். எனக்குப் புரிந்தது. அதே டூல், அதே அவசர ஆர்டர், அதே கூர் மூலை. ரிசார்ட்டில் அவர் கைகளைத் தூக்கி "என் மேல" என்று சொல்லவில்லை. பாலிஷ் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, நான் பட்டறைக்குப் போனபோது பார்த்தது. கயிறு காலி. தரையில் மேப்பிள் துண்டுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் தலைக்குச் சற்றுக் கீழே அறுக்கப்பட்டிருந்தது. ஒட்டடைக் குச்சிக்குக்கூடக் கொடுக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் துண்டாக்கியிருந்தார்.

லேத்திலிருந்து ஒரு புது ஷாஃப்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கழுத்தைத் தடவிப் பார்த்தேன். குப்பி இன்னும் மாட்டவில்லை. முளையின் மூலை அழகாக உருண்டிருந்தது.

"எதுக்குக்கா இது?"

"உன்து இல்லாம இன்னாத்த ஆடுவ?"

"புது ஷாஃப்ட் குடுக்கறது உங்க மேலன்னாத்தான."

"ஆமா. என் மேல."

"அப்ப கிளப்புல சொல்லுங்க. ரெண்டும்னு சொல்லுங்க. கை மேலயும், உங்க மேலயும்."

அக்கா லேத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாட்டு ஓடவில்லை.

"ரெண்டும் சொன்னா, நீ எத எடுத்துகினு வூட்டுக்குப் போவ?" என்றார்.

பதில் எனக்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது வந்தது. இரண்டாவதை, அவர் மேல் என்பதைத்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்போதும் அதைத்தான் எடுப்பேன். படத்தோடு, விளக்கத்தோடு எடுப்பேன். அக்கா கேட்டது சரி.

ஆனால் பஸ் செங்கல்பட்டு நெருங்கும்போது இன்னொன்றும் தோன்றியது. "கை மேல" என்று மட்டும் சொன்னது அவருக்கும் வசதி. "என் மேல" என்று கிளப்பில் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் சேதி ரிசார்ட்டுக்குப் போயிருக்கும். ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கும். என் கையைப் பற்றி அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அது அவருக்குத் தேவையான உண்மையாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உடையாத கோலுக்கு "கை மேல" என்று தீர்ப்புச் சொன்ன அதே அக்காதான். டாக்சி டிரைவரை விட்டுவிட்ட அதே அக்காதான். அவற்றை வைத்துப் பார்த்தால் அவர் என்றைக்குமே மரம் ஏன் உடைந்தது என்று சொன்னதில்லை, கை என்ன செய்தது என்றுதான் சொல்லியிருக்கிறார். பாலிஷ் என்று சொன்னதை வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒரே ஆள் தெரிவதில்லை.

இப்போதைய நிலவரம் இது. ரேவதி சென்னைக்குப் போனாள், முதல் சுற்றில் தோற்றாள். அடுத்த முறை நான் போனேன், இரண்டாவது சுற்றில் தோற்றேன். அக்கா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். மூன்று லேத், நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள், கோல்கள் வெளிமாநிலத்துக்கெல்லாம் போகின்றன. பண்டிகைக்குக் குரல் செய்தி அனுப்புவார், பின்னால் பாட்டு கேட்கும். அவர் கொடுத்த ஷாஃப்டில்தான் ஆடுகிறேன். நேராக இருக்கிறது. மாத்திரை டப்பா என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நீலம், மீதி வெள்ளை. அந்த வெள்ளைப் பகுதி உடைய எவ்வளவு விசை வேண்டும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். மரத்தின் பலம், குறுக்களவு, மூலையின் கூர்மை, எல்லாம் கையில் இருக்கின்றன. கோலை வைத்தாலே அது உடைந்திருக்குமா, அடித்தால்தான் உடைந்திருக்குமா என்பது அதில் வந்துவிடும். ஒரு மதிய இடைவேளையில் முடிகிற வேலை. நான் இன்னும் அந்தக் கணக்கைப் போடவில்லை.